நாகக்கன்னியின் போட்டோ

தயாளன் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து, கையில் சோற்றோடு நின்றுகொண்டே, "அம்மா, ஒரு ஐடியா" என்பான். அம்மா தபீதாள், "முதல்ல மோர் ஊத்திக்கோ, ஐடியா எங்கயும் ஓடிடாது" என்பாள். ஓடிவிடும் என்றுதான் அவன் நினைத்தான். அதனால் ஐடியாவைத் துரத்திக்கொண்டே இருந்தான்.

பி.காம். முடித்த கையோடு அவனுக்கு ஏதேன் பார்க்கில் உதவி மேனேஜர் வேலை கிடைத்தது. பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடத்தில், முன்பு வெறும் முள்ளும் கல்லுமாகக் கிடந்த நிலம் அது. ரயில்வே காண்ட்ராக்டராக இருந்து ஓய்ந்த வில்பிரட் அதை வாங்கி, வேலி போட்டு, ஒரு ராட்சத ராட்டினம், ஒரு குதிரை ராட்டினம், முகத்தைக் கோணலாக்கிக் காட்டும் கண்ணாடி அறை, அட்டை நிலாவில் உட்கார வைத்துப் படம் எடுக்கும் போட்டோக் கடை, மனசு வந்தால் ஓடும் குட்டி ரயில் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். கடைசியாக வந்தது நாகக்கன்னிக் கொட்டகை. பெண் தலை, பாம்பு உடம்பு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் போதகர் ஜாடையாக அதைக் கண்டித்தபோது, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே வில்பிரட் சொன்னார்: "ஐயா, ஏதேன் தோட்டம்னு பேர் வெச்சுட்டு பாம்பு இல்லாம எப்படி?"

பாம்புக்குக் குறைவில்லை. ஆட்களுக்குத்தான் குறை. டிசம்பர் பிறந்தால் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தாம்பரம் பக்கம் வந்துவிடுவார்கள். ராட்டினம் ஓட்டத் தெரிந்தவன், சீட்டுக் கிழிக்கத் தெரிந்தவள், மைக் பிடிக்கத் தெரிந்தவன் எல்லோரையும் கூடுதல் சம்பளம் காட்டி அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முந்தைய வருஷம் காணும் பொங்கலன்று, ரோடு முழுக்க ஜனம் மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்து இறங்க, ராட்டினத்தை ஓட்ட ஆள் இல்லாமல் அது வானத்தைப் பார்த்து நின்றது. ஜனம் கல்லால் அடித்தது.

வில்பிரட் தயாளனைக் கூப்பிட்டு, "டேய் தயாளா, இந்த வருஷமும் காணும் பொங்கலுக்கு ஆள் இல்லாம நின்னுதுன்னு வெச்சுக்கோ, எல்லாத்தையும் கயட்டி வித்துட்டு கோழிப் பண்ணை வெச்சுடுவேன்" என்றார்.

"அப்ப நான், சார்?"

"கோழி மேய்க்க பி.காம். தேவையில்லடா."

அன்றிலிருந்து தயாளனுக்குத் தூக்கம் குறைந்துபோனது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் ஒரு அமெரிக்கப் புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு அத்தியாயம் இருந்தது. தொழிலாளிக்குக் கூலி மட்டும் போதாது, ஊரறிய ஒரு பாராட்டு வேண்டும், அது கிடைத்தால் அவன் கூலியைப் பார்க்க மாட்டான் என்று சொன்னது அது. ஒரு தொழிற்சாலை வாசலில் சிறந்த தொழிலாளியின் படத்தை மாட்டியிருந்த போட்டோவும் போட்டிருந்தது. தயாளன் அந்தப் பக்கத்தைப் பிய்த்தெடுத்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

அப்படித்தான் 'இந்த வார நட்சத்திரம்' பிறந்தது. பார்க் வாசலில், ரோட்டைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற உயரத்தில் ஒரு பலகை. அதில் நட்சத்திரத்தின் படம், கீழே பெரிய எழுத்தில் பேர், செய்யும் வேலை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் குதிரை ராட்டினத்தின் முன்னால் கூட வேண்டும். நட்சத்திரம் முன்னால் வந்து, இந்த வேலை ஏன் பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும்.

"இன்னா சார் இது, பள்ளிக்கூடம் மாதிரி" என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். முதல் நட்சத்திரம் ராட்டினம் ஓட்டும் சாம்பசிவன். அவன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்: "மேல ஏறுனா வண்டலூர்ல எங்க ஏரி தெரியுது. நம்ம வூட்டுக்காரி கரையில துணி தொவைக்கிறாளா, வம்பு பேசிகினு கீறாளான்னு இங்கேர்ந்தே பாத்துக்கலாம். அதான் புடிச்சிருக்கு."

கைதட்டல் வேலியைத் தாண்டிக் கேட்டது. அன்று சாயந்தரமே சாம்பசிவன் பெண்டாட்டியை அழைத்துவந்து பலகைக்குக் கீழே நிறுத்தி, "பாத்தியா, பாத்தியா" என்று மாமியார் வீடு வரைக்கும் கேட்கிற குரலில் காட்டினான். தீவுத்திடல் ஆள் வந்து கூப்பிட்டபோது, "அங்க நம்ம போட்டோ மாட்டுவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் சீட்டுக் கவுண்டர் ஹில்டா நட்சத்திரம் ஆனாள். அதற்கப்புறம் ஆம்பளைகள் தினமும் சவரம் செய்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். குட்டி ரயில்கூட நேரத்துக்கு ஓடியது.

தயாளன் காற்றில் நடந்தான்.

நட்சத்திரமாக வேண்டிய ஆள் ஒருத்தி பாக்கி இருந்தாள். காந்திமதி. நாகக்கன்னியின் தலை அவளுடையது.

கொட்டகையின் உள்ளே மேடையில் ஒரு மேஜை. மேஜையின் நடுவில் ஓட்டை. காந்திமதி அதற்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து, ஓட்டை வழியாகக் கழுத்தை நீட்டுவாள். மேலே பஞ்சு அடைத்த பாம்பு உடம்பு சுருண்டு கிடக்கும். மேஜைக் கால்களுக்கு நடுவில் சாய்த்து வைத்த கண்ணாடி அவள் உடம்பை மறைத்துவிடும். பார்க்கிறவனுக்கு மேஜைக்குக் கீழே வெறும் தரைதான் தெரியும். கழுத்தைச் சுற்றிப் பலகை இருப்பதால் அவளால் தலையைத் திருப்ப முடியாது, கண்ணைத்தான் உருட்டலாம். எலியேசர் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்பார். வேதப் பாடம் வாசித்துப் பழகிய குரல் அவருக்கு. "கன்னியே, உனக்கு இந்த உருவம் எப்படி வந்தது?" அவள் சொல்வாள்: "தாய் சொல்லைத் தட்டினேன். சாபம் பிடித்தது." கொட்டகையில் தாய்மார்கள் பிள்ளைகளின் தலையைத் தட்டி, "கேட்டியா? கேட்டியா?" என்பார்கள்.

இந்த இடத்தில் தயாளன் ஒரு வசனம் சேர்த்திருந்தான். சாபத்தோடு நிறுத்தினால் பயம் மட்டும்தான் வருகிறது, கொஞ்சம் இரக்கமும் வரட்டும் என்று ஒரு நாள் ராட்டினத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் நடந்துகொண்டே எழுதிய வசனம். 'எனக்கென்று இந்த உலகத்தில் யாருமே இல்லை. உங்கள் கைதட்டல்தான் என் சொந்தம்.' காந்திமதி அதைச் சொல்லும்போது முன் வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். கடைசியில் ஜனத்திலிருந்து ஒரே ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் "இன்னா சாப்புடுவே?" என்றுதான் கேட்பார்கள். "பாலும் முட்டையும்" என்பாள். முடிந்தது ஆட்டம்.

ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை. ரயில் பாதை ஓரமாக நடந்து வந்து பின் கேட் வழியாக நுழைவாள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் கட்டுகிற மாதிரி நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தூக்குச்சட்டி. கொட்டகைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு மேஜைக்கடியில் போய்விடுவாள். சாயந்தரம் திரும்ப வெள்ளைப் புடவை, பின் கேட். என்ன சுத்தமான பொம்பளை என்று தயாளன் நினைத்துக்கொள்வான். அதற்குமேல் அவன் நினைக்கவில்லை.

தீவுத்திடல் ஆள் அவளையும் விடாமல் வட்டமிடுகிறான் என்று ஹில்டா சொன்னதும் தயாளன் பின் கேட்டுக்கு ஓடினான்.

"காந்திமதி, இந்த வாரம் நீங்கதான் நட்சத்திரம். நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "வேணாம் சார்."

"ஏன்? உங்களைவிட யாருக்குத் தகுதி இருக்கு?"

"கீழ குந்திகினு கழுத்த நீட்டறேன். இதுக்கு இன்னாத்துக்கு சார் போட்டோ? நம்மள வுட்டுடு சார். சாம்பசிவனையே இன்னொரு தபா போடு, அதுக்கு ஆசை."

"சும்மா கூச்சப்படாதீங்க."

"கூச்சம் இல்ல சார்." அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாம்பரம் பக்கம் போகும் வண்டி சத்தத்தோடு கடந்து போனது. வண்டி போன பிறகு அவள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "வேணாம்னா வேணாம் சார்" என்றுவிட்டு நடந்துவிட்டாள்.

தயாளனுக்கு அது புரிந்த மாதிரி இருந்தது. ஹில்டாவும் முதலில் வேண்டாம் என்றவள்தான். அப்புறம் பலகையில் தன் படத்தைப் பார்த்து அழுதாள், மை கலைந்து கன்னத்தில் ஓடியது. வேண்டாம் என்று சொல்வது ஒரு மரியாதை, அதைத் தாண்டிப்போய்ப் பாராட்டுவதுதான் மேனேஜ்மெண்ட் என்று நினைத்தான். ஆபீஸ் பாஸ் அட்டைக்கு எல்லோருடைய போட்டோவும் வேண்டும் என்று சொல்லி ஒவ்வொருவராகப் போட்டோக் கடைக்கு அனுப்பினான். காந்திமதியும் போய் ஸ்டூலில் நேராக உட்கார்ந்து, நிலா இல்லாமல் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னான். காணும் பொங்கலன்று விடிந்ததும், அவனே ஏணி வைத்து ஏறி மாட்டினான். கீழே சிவப்பு எழுத்து: காந்திமதி. நாகக்கன்னி.

ஏணியிலிருந்து இறங்கும்போதே எலியேசர் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் கீழே சாய்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, அந்தப் படத்தை எறக்கு."

"ஏன்ணா?"

"எறக்குன்னா எறக்கு. அவ வேணாம்னு சொன்னாளா இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான்ணா சொல்வாங்க. சாயந்தரம் பாருங்க, அவங்க முகத்தை."

"தம்பி, சொல்றதக் கேளு..." எலியேசர் ரோட்டைப் பார்த்தார். பஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. "என்னால காரணம் சொல்ல முடியாது. வாக்கு குடுத்துருக்கேன்."

தயாளன் சிரித்தான். பிறகு, இத்தனை வாரம் ஆகியும் எலியேசரின் படம் பலகையில் ஏறவில்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. "அடுத்த வாரம் உங்களதுதான்ணா. பொறாமைப்படாதீங்க" என்றான்.

எலியேசரின் முகம் சுருங்கிப் போயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பத்து மணிக்கெல்லாம் ஏதேன் பார்க் நிரம்பி வழிந்தது. கரும்பும் கட்டுச்சோறுமாக ஜனம். ராட்டினம் சுற்றியது. சாம்பசிவன் மேலேயிருந்து கையாட்டினான். வில்பிரட் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, "பொழைச்சோம்டா தயாளா" என்றார்.

கொட்டகையில் முதல் ஆட்டம். தயாளன் கடைசியில் ஓரமாக நின்றான். திரை விலகியது. நாகக்கன்னி கண்ணை உருட்டினாள். எலியேசர் மைக்கில், "கன்னியே..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒருவன் கத்தினான்:

"இன்னா காந்திமதி, சௌக்கியமா?"

கொட்டகை குலுங்கிச் சிரித்தது.

மேஜையின் மேலிருந்த முகம் அசையவில்லை. கண்கள் மட்டும் இடம், வலம், இடம் என்று போயின. தன் பெயரை யார் சொன்னது என்று தேடுகிற கண்கள். யார் சொல்லவில்லை? "காந்திமதி, வால கயட்டி வெச்சிட்டு வாம்மா, பொங்க சாப்புடலாம்!" "கன்னியாம்ல? வாசல்ல போட்டோவப் பாத்தா அப்படித் தெரியலியே!" எலியேசர், "நாகலோகத்திலிருந்து வந்திருக்கும் இந்தக் கன்னி..." என்று குரலை உயர்த்தினார். "நாகலோகம் எங்க கீது, முடிச்சூர் பக்கமா?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பேரைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனதைத் தயாளன் பின்வரிசையிலிருந்தே பார்த்தான்.

திரை விழுந்ததும் எலியேசர் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"வாக்காவது ஒண்ணாவது. கேளு. அவ புருஷன் வுட்டுட்டுப் போனப்புறம் அண்ணன் வூட்ல இருக்கா. முடிச்சூர்ல. வயசுக்கு வந்த பொண்ணு ஒண்ணு. அண்ணன் கொத்தனாரு, ரொம்ப மானஸ்தன். வேடிக்கை காட்டற பொழப்புக்குப் போனா வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் சேத்துக்கிட்டான். அவ ஆஸ்பத்திரியில ஆயா வேலைன்னு சொல்லி வெச்சிருக்கா. வெள்ளப் பொடவ எதுக்குன்னு நெனச்சே?"

தயாளன் ஏணியைத் தேடி ஓடினான். வரிசைக்கு நட்டிருந்த சவுக்குக் கொம்புகளுக்கு நடுவில் புகுந்து, கரும்புச் சக்கையில் வழுக்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

பலகைக்குக் கீழே ஒருவர் நின்றிருந்தார். புது வேட்டி, தோளில் துண்டு, சுண்ணாம்பு தின்று வெளுத்த விரல்கள். தலையை அண்ணாந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படத்தை அல்ல.

"இது யாரு சார்?" என்றார் அவர், ஏணியோடு நின்ற தயாளனிடம்.

தயாளன் வாயில் எத்தனையோ பொய்கள் வந்து மோதின. பழக்கம்தான் பேசியது. "எங்க பெஸ்ட் ஒர்க்கருங்க."

"அப்படியா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எம் பேரு குப்புராஜ். டீக்கடையில சொன்னாங்க, உந்தங்கச்சி படம் ரோட்ல தொங்குதுன்னு. ஆஸ்பத்திரியில எதுனா நல்லது செஞ்சிருப்பா, பேப்பர்ல போடற மாதிரி போட்டிருக்காங்கன்னு நெனச்சுகினு வந்தேன் சார். இவுங்களையும் இட்டாந்தேன், பாருங்கடான்னு." பக்கத்து ஆட்களைக் காட்டினார். "சீட்டு எங்க குடுக்கறாங்க?"

"ஐயா, வேணாங்க. வாங்க, ஆபீஸ்ல உக்காந்து பேசலாம். நான் எல்லாம் சொல்றேன்."

"பேச இன்னா கீது? பாக்கத்தானே போட்டோ மாட்டிருக்கே?"

அவர் சீட்டு வாங்கினார். தயாளன் ஏணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

அடுத்த ஆட்டத்துக்குக் கொட்டகை முன்னைவிட நெரிசல். காந்திமதி என்று ஒரு பொம்பளை பாம்பு வேஷம் போடுகிறாளாம் என்று பேச்சு பரவிவிட்டது. வெளியே வரிசை கண்ணாடி அறை வரைக்கும் வளைந்து கிடந்தது. குப்புராஜ் முன்வரிசைக்குப் போய் நின்றார். தயாளன் மேடைப் பக்கவாட்டில், திரைக் கயிறு கட்டியிருக்கும் இடத்துக்குப் போனான். எலியேசரிடம் சைகை காட்டினான். எலியேசர் குப்புராஜைப் பார்த்துவிட்டு மைக்கைக் கொஞ்ச நேரம் வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

திரை விலகியது.

அவள் பார்த்தாள். எங்கே திரும்ப முடியும்? கழுத்தைச் சுற்றிப் பலகை. கண்ணை மூடினால்தான் உண்டு. மூடவில்லை.

எலியேசர் எப்படியோ கேள்விகளை ஒப்பித்தார். அவளும் ஒப்பித்தாள். தாய் சொல்லைத் தட்டினேன், சாபம் பிடித்தது. ஜனம் சிரித்தது, காந்திமதி காந்திமதி என்று கூவியது. எலியேசர் அவசரமாக, "இத்துடன் ஆட்டம் முடிந்தது" என்றார்.

"ஒரு கேள்வி கேக்கலாம்ல?" குப்புராஜின் குரல் பெரிதாக இல்லை. ஆனால் முன்வரிசை அடங்கியது.

"நேரமாச்சு ஐயா..."

"அதான் வயக்கம்! கேக்க வுடுயா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். "பெர்சு கேக்கட்டும்!"

குப்புராஜ் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "கூடப் பொறந்தவங்க யாராச்சும் கீறாங்களாம்மா உனுக்கு?"

தயாளன் கை திரைக் கயிற்றில் இருந்தது. ஒரு இழுப்பு போதும், திரை விழுந்துவிடும். பாதி ஆட்டத்தில் திரை விழுந்தால் இந்த ஜனம் மேடையேறும், சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்கும், வெளியே நிற்கும் வரிசை கலைந்து கல்லெடுக்கும். வில்பிரட்டின் முகம், கோழிப் பண்ணை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. இழுக்கிறேன், இதோ இழுக்கிறேன் என்று அவன் மனசு சொன்னது. கை கேட்கவில்லை.

காந்திமதி அண்ணனைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற முடிச்சூர்க்காரர்களைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அத்தனை பேருக்கும் நடுவில் அவர் பாம்புக்காரியின் அண்ணன். அவள் பார்வையை அவர் தலைக்கு மேலே, கொட்டகைத் துணிக்குக் கொண்டுபோனாள்.

"எனக்கென்று இந்த உலகத்தில் யாருமே இல்லை" என்றாள், நாகக்கன்னியின் குரலில். "உங்கள் கைதட்டல்தான் என் சொந்தம்."

ஜனம் தட்டியது. அன்றைக்கு அதுதான் பெரிய கைதட்டல். குப்புராஜ் மட்டும் தட்டாமல் நின்று, பிறகு, என்ன நினைத்தாரோ, சுருட்டிய துண்டோடு இரண்டு கையையும் ஒரு தரம் சேர்த்தார். கும்பிட்டாரா தட்டினாரா என்று தெரியவில்லை. வெளியே போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் தயாளன் மேஜையடியில் குனிந்தான். "காந்திமதி, நான்... எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அவள் கழுத்தைப் பலகையிலிருந்து எடுத்து, தேய்த்து விட்டுக்கொண்டாள். "ஆபீஸ் பாஸுக்குன்னு சொன்னியே சார்."

"நான் இப்பவே உங்க அண்ணன்கிட்ட போய்..."

"இன்னான்னு சொல்லுவே? வெளிய ஜனம் கீது. மணி அடிக்கச் சொல்லு."

"வேணாம், இன்னிக்கு ஆட்டம் வேணாம்."

"வேணாம்னு நான் சொன்னப்ப வுட்டியா சார்?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி கழுத்தை நீட்டினாள்.

அன்று முழுக்க ஆட்டம் நடந்தது. இந்தத் தடவை கன்னியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. காந்திமதியைப் பார்க்கத்தான் வந்தார்கள், மூன்று தரம் சீட்டு வாங்கியவனும் இருந்தான்.

வெயில் தாழ்ந்தபோது குப்புராஜின் பெண்டாட்டி செல்லம்மா வந்தாள். முன் வாசலில் ஒரு தகரப் பெட்டியை இறக்கி வைத்தாள். கூடவே பாவாடை தாவணியில் ஒரு பெண், காந்திமதியின் மகள், பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றாள். தயாளன் ஓடிப்போய்க் கையைக் கூப்பினான்.

"அக்கா, தப்பு என்னோடதுக்கா. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாட்டினேன்."

"எனுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் நாலு தபா சொல்லிப் பாத்துட்டேன். அவுரு கேக்கல." செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேஷம் போட்டதக்கூட பொறுத்துக்குவாராம். ஊரு பாக்க, யாருமே இல்லன்னு சொன்னாளாமே. இல்லன்னவளுக்கு வூடு எதுக்குங்கறாரு."

"ஐயோ, அது அவங்க சொன்னது இல்லக்கா! அது நான் எழுதின வசனம்!"

"எயுதினது நீயா இருக்கலாம் சார். சொன்னது அவ வாயி." செல்லம்மா பெட்டியின் தாழ்ப்பாளை ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். "பொங்கலுக்கு எடுத்த துணி ரெண்டு பேருக்கும் உள்ளதான் கீது. சொல்லிடு."

தயாளன் அன்றே முடிச்சூருக்குப் போனான். குப்புராஜ் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "நீ நல்லாத்தான் பேசற சார்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தபோது வில்பிரட் உற்சாகமாக இருந்தார். கண்ணாடி அறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையை ஒழித்து, காந்திமதிக்கும் மகளுக்கும் கொடுக்கச் சொல்லியிருந்தார். "ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்டா. இந்தப் பக்கத்துல எந்த முதலாளி குடுப்பான்?" என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் தயாளனுக்குத் தாங்கவில்லை.

"சார், அந்தப் படத்தை எறக்கிடறேன்."

"பைத்தியமா? அதைப் பாத்துதானேடா ஜனம் வருது. அப்புறம், ஒண்ணு யோசிச்சியா? தீவுத்திடல்காரன் இனிமே என்ன துள்ளினாலும் அவ போக மாட்டா. பொண்ணைத் தனியா வுட்டுட்டு எங்க போவா? உன் போர்டு வேலை செஞ்சுடுச்சு, மை பாய்." அவன் முதுகில் தட்டினார்.

தயாளன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த அந்தப் புத்தகப் பக்கத்தைத் தொட்டான். அதை எடுத்துக் கிழிக்க வேண்டும் என்று தோன்றியது. கிழித்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்றும் தோன்றியது. ஏணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். காந்திமதி அங்கே தகரப் பெட்டியைத் தூக்கி மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏணியைச் சாய்ப்பதைப் பார்த்தாள்.

"எறக்காத சார்."

"ஏன்?"

"முதலாளி வாடகை வேணாம்னுட்டாரு. அவுரு சொல்றபடி இருக்கட்டும். இன்னிக்கி நீ எறக்கினாலும் நாளைக்கு அவுரு மறுபடி மாட்டுவாரு, அவுரு எடத்துல குந்திகினு நான் இன்னா சொல்ல முடியும்?"

திங்கட்கிழமை காலை எல்லோரும் குதிரை ராட்டினத்தின் முன்னால் கூடினார்கள். ஹில்டா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். கூட்டம் வேண்டாம் என்று சொல்லத்தான் தயாளன் வந்தான். அதற்குள் வில்பிரட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க நம்ம ஸ்டார்?" என்றார்.

காந்திமதி முன்னால் வந்தாள். வெள்ளைப் புடவை இல்லை. அடர் பச்சையில் ஒரு சாதாரணப் புடவை, பொங்கலுக்கு எடுத்தது. பகல் வெளிச்சத்தில், மேஜை இல்லாமல், முழு உடம்போடு அவளை அங்கே பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

"இந்த வேலை ஏன் புடிச்சிருக்குன்னு சொல்லணும்மா" என்று வில்பிரட் எடுத்துக் கொடுத்தார்.

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டார். காந்திமதி தயாளனைப் பார்த்தாள். அடுத்த வசனம் என்ன என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவனிடம் வசனம் இல்லை.

"போறதுக்கு வேற எடம் இல்ல" என்றாள். "அதான்."

வில்பிரட் புரியாமல் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். முதலாளி தட்டுகிறாரே என்று குட்டி ரயில்காரன் தட்டினான். அப்புறம் ஒவ்வொருவராக. தயாளன் தன் கையைப் பார்த்தான். அதுவும் தட்டிக்கொண்டிருந்தது.

காந்திமதி நின்று, அந்தச் சத்தம் முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, கொட்டகைக்குப் போனாள். முதல் ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது.